நாற்பத்திரண்டு பல்

உதயசூரியன் தன் டர்ட் பைக்கை ஜெரால்டின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தியபோது உச்சி வெயில். துபாயில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவனுக்குக் கந்தர்வக்கோட்டையில் எல்லாமே மட்டம். ரோடு மட்டம், டீ மட்டம், ஆட்கள் அதைவிட மட்டம். மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவதற்கென்றே செய்த வண்டியில் நூற்றிருபதைத் தொடுவேன் என்று மச்சான் பாலாஜியிடம் சவால் விட்டிருந்தான். நாளைக்குத் தொடாவிட்டால் கடைத்தெருவே சிரிக்கும். அதற்குச் சாவது மேல் என்று நினைக்கிற ஜென்மம் அது.

ஜெரால்டு பின்சக்கரத்திலிருந்த ஐம்பது பல் ஸ்பிராக்கெட்டை, செயின் ஓடுகிற பல்சக்கரத்தை, கழற்றி, நாற்பத்திரண்டு பல் உள்ளதை மாட்டினான். செயினில் மிஞ்சிய கண்ணிகளை வெட்டினான்.

"டாப் ஸ்பீடு வரும்ண்ணே. ஆனா புல்லிங் செத்துரும். ஒத்த ஆளுன்னா ஓடும், பாரம் ஏறுனா தெணறும்."

"ஒத்த சீட்டு வண்டியில எவன்டா ஏறப்போறான்?"

"ஓட்டிப் பாக்கப் போறப்ப, முந்திரித் தோப்புக்குள்ள இருளாண்டி செத்த எடத்துல மட்டும் நிறுத்தி, ஒரு கொப்பு ஒடிச்சுப் போட்டுட்டுப் போங்க. எல்லாரும் போடுவாங்க."

பாம்பு கடித்து, போகிற வண்டியையெல்லாம் கை நீட்டி மறித்து, ஒருவனும் ஏற்றிக்கொள்ளாமல் செத்தவன் இருளாண்டி.

உதயசூரியன் காறித் துப்பினான். "செத்தவனுக்குக் கொழை போடுறீங்களா? அவன் என்ன ஆடா?"

முந்திரித் தோப்பின் செம்மண் பாதையில் வண்டி பறந்தது. நூறு. நூற்றுப்பத்து. காய்ந்த தழைகள் குவிந்து கிடந்த இடத்தை அவன் ஒரு சிரிப்போடு கடந்தான்.

வண்டி திணறியது.

நாலாவது கியர். மூன்று. இரண்டு.

ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் வண்டி நடை வேகத்துக்கு மேல் போகவில்லை. எஞ்சின் சூட்டு வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது. நுரை தள்ளிய வாயின் புளித்த வாடை.

பிடரிக்குப் பக்கத்தில்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துவிட்டான். பயந்ததை ஒத்துக்கொள்ளத் துப்பில்லாமல் ஜெரால்டைத் திட்டிக்கொண்டே பட்டறைக்கு வந்து சேர்ந்தான்.

"என்னடா வேலை பாத்து வச்சிருக்க?" என்று குதித்து இறங்கினான்.

ஜெரால்டு பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் ஸ்பிரிங் அமுங்கியே இருந்தது.

"அண்ணே," என்றான் மெதுவாக. "நீங்க எறங்கிட்டீங்க. வண்டி எந்திரிக்கலையே."

காற்று இல்லை. பட்டறைக்குப் பின்னாலிருந்த தோப்பில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

ஜெரால்டு காலியான சீட்டைப் பார்த்துக் கைகூப்பினான். "எறங்குங்கய்யா."

ஸ்பிரிங் மெல்ல மேலே வந்தது.

உதயசூரியனுக்குப் போன உயிர் திரும்பியது. உயிரோடு திமிரும் திரும்பியது. "ஸ்பிரிங்கு வீக்குடா. பேயாம் பேயி! புதுசா மாத்தி வை, காலையில வாரேன். நூத்திருபது வரணும்."

பஸ்ஸைப் பிடிக்க, வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தான். ஜெரால்டு அவன் பின்னால் இரண்டு எட்டு வைத்து, தரையைப் பார்த்து நின்றுவிட்டான். கடலை மூட்டை சுமக்கிறவன் தடம் போல, உதயசூரியனின் செருப்புத் தடம் செம்மண்ணில் அடிக்கு அடி ஆழமாக இறங்கிக்கொண்டே போனது.