தலையில்லாத நாற்பத்தொரு பதில்கள்

வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலேயே அவளுக்கு உபதேசம் ஆரம்பமாகிவிட்டது. அலுவலகமாக மாறிய பழைய பங்களா; சுவரெல்லாம் ஈர வாடை. கூடத்தின் நட்டநடுவே, மற்ற நாற்காலிகளைவிட ஒரு சாண் உயர்ந்த நாற்காலியில் சாய்ந்தபடி நிறுவனர் சொன்னார்:

"நம்ம சமூக வலைத்தளத்துக்கு மையமே கிடையாதும்மா. ஆளுக்கொரு சர்வர். யாரும் யாருக்கும் தலைவர் இல்ல."

ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மகான்.

ஒரு பதிவு, அதன் கீழே பதில், பதிலுக்குப் பதில் என்று உரையாடலைத் திரையில் கிளைகிளையாகக் காட்டுவது அவள் வேலை. தாய்ப்பதிவு அழிந்திருந்தால் அந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி வரும்: 'இப்பதிவு கிடைக்கவில்லை.' பதில்கள் மட்டும் முண்டமாகத் தொங்கும். அவை ஊரார் சர்வர்களில் இருப்பவை. மகானின் கை அங்கே எட்டாது.

"அந்தப் பெட்டி கண்ணை உறுத்துது. தாய் இல்லாத பதிலையெல்லாம் மறைச்சிடு. முதல்ல இதை."

அவர் காட்டிய உரையாடலில், சாம்பல் பெட்டிக்குக் கீழே நாற்பத்தொரு பதில்கள் தொங்கின.

'கதவை உடைக்கச் சொல்லும்மா!'

'கீழே படுக்காதே, வாயு தரையிலதான் தேங்கும்.'

'இன்னும் இருக்கியாம்மா?'

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அத்தனையும் இங்கே வேலை பார்த்த அவளுடைய அக்காவுக்கு வந்தவை. எட்டு மாதம் முன்பு, இதே கட்டடத்தின் சர்வர் அறையில், குளிரூட்டி வாயு கசிந்து மூச்சடைத்துச் செத்தவள். நெஞ்சுவலி என்று மகான் நான்கு பக்க இரங்கல் எழுதினார். மூன்றரைப் பக்கம் தன்னைப் பற்றி. அக்கா கடைசியாக என்ன எழுதினாள் என்று அறியத்தான் தங்கை இங்கே வந்திருந்தாள்.

மதியம், எல்லோரும் சாப்பிடப் போனபின், அவள் எதையும் மறைக்கவில்லை. தாய்ப்பதிவின் நகல் இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வரிடமும் கேட்டாள்.

இல்லை. இல்லை. இல்லை.

இருக்கிறது.

பதில் தந்தது அக்காவின் சர்வர். வயர் பிடுங்கப்பட்டு அதே அறையில் தூசி தின்றுகொண்டிருந்த பெட்டி.

கூடத்தில் குளிரூட்டி வாயுவைப் போல இனிப்பாக ஏதோ வாடை கிளம்பியது.

சாம்பல் பெட்டி வரிவரியாக நிரம்பியது. 'வெளியே பூட்டிட்டார். தட்டுறேன். கதவுகிட்டதான் நிக்கிறார். அவர் இருமுறது கேட்குது.'

பின்னால் யாரோ இருமினார்கள்.

மகான்.

"அவ கோபம் ஆறட்டும்னு பத்து நிமிஷம்தான் பூட்டினேன்..."

"எங்க அக்கா சாக அஞ்சு நிமிஷமே போதுமா இருந்துச்சே, சார்."

"அக்காவா?" அவர் வெளுத்தார். "அவ சர்வர் வயரை நானே பிடுங்கினேனே!"

அந்தப் பெட்டியைப் பார்க்க ஓடினார். சர்வர் அறைக் கதவு அவருக்குப் பின்னால் அறைந்து மூடிக்கொண்டது.

திரையில் மகானின் பெயர். அக்காவின் பதிவுக்குக் கீழே, நாற்பத்திரண்டாவது பதில்: 'கதவைத் திறங்க! யாராவது இருக்கீங்களா?'

அவ்வளவு ஆத்திரத்திலும் அவள் எழுந்து போய்க் கதவை இழுத்தாள். வெளியே தாழ்ப்பாள் போடப்படவில்லை.

கதவு வரவில்லை.

உள்ளே தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தட்டவில்லை.

திரும்பி வந்தாள். மகானின் பதிலுக்குக் கீழே இன்னும் ஒரு கிளை விட்டிருந்தது. அக்காவின் பெயர்.

'பத்து நிமிஷம்தானே, சார். கோபம் ஆறட்டும்.'

பதினோராவது நிமிடம், மகானின் பதில் இருந்த இடத்தில் சாம்பல் பெட்டி வந்தது. அக்காவின் பதில் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.