நான்கு கட்டுரை, ஐந்து எண்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. கடல் நடுவே ஒரு தூணில் வளர்ந்த பிள்ளைக்கு மாதம் ஒருமுறை வந்த ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் பக்கத்தில் இருப்பவரை ஒருதரம் திரும்பிப் பார்ப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

இருபத்தைந்து நிமிடம் முடிந்ததும் எழுத்துப்பலகை தானாகப் பூட்டிக்கொண்டது. ஜெனோவா விரலை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிரே பதினெட்டாம் காற்றுத்தூண் கடலுக்குள் காலூன்றி நின்றது. அதன் மூன்று இறக்கைகளும் அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கேயும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பது ஈரத்துணி கொடியில் ஆடும்போது மட்டும் தெரியும். ஜெனோவா இருந்தது பதினேழாம் தூணில். காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் அந்தத் தூணுக்கு எண்ணெய் போட்டு, திருகு முடுக்கிப் பராமரிப்பவள் அவள் அம்மா பிரகாசி. தூத்துக்குடியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரிசியும் தண்ணீரும் கொண்டுவரும் படகு ஆளில்லாத படகு.

பள்ளிக்கூடங்கள் கலைந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே, தனித்தனியாகப் பலகையில் படித்தார்கள். மாதம் ஒருமுறை எல்லோருக்கும் ஒரே தலைப்பு, ஒரே நேரம். எழுதியதை மதிமானி என்ற பொறி படித்து ஒன்றிலிருந்து ஆறு வரை மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் வெளிவருமுன் ஊகச்சுற்று ஒன்று நடக்கும். முகம் தெரியாத நான்கு பேருடைய கட்டுரைகள் உங்களுக்கு வரும். மதிமானி இதற்கு என்ன போடும் என்று நீங்கள் ஊகித்து ஓர் எண்ணை அழுத்த வேண்டும். சரியாக ஊகித்தால் முழு மதிப்பெண். எத்தனை தள்ளிப் போகிறதோ அத்தனை வெட்டு. அடுத்தவர் எழுத்தை எடைபோடத் தெரிந்தவருக்குப் பாதிக் கல்வி வந்துவிட்டது என்பது தேர்வு வாரியத்தின் எண்ணம். பாராட்டோ திட்டோ ஒரு வார்த்தைகூட அனுப்ப முடியாது, எண் மட்டும்தான் போகும்.

வருடம் முழுக்க அதே நால்வர்தான்; உங்கள் கட்டுரையைப் படித்து எண் போடுவதும் அவர்களே. முடிவில், கடைசி மாதக் கட்டுரையைப் பத்து மடங்காக எண்ணி மொத்த மதிப்பெண் கூட்டி, மேலே இருக்கும் அறுபது பேரைக் கூடுகல்லூரிக்கு எடுப்பார்கள். நாடு முழுக்கப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிற இடம் அது ஒன்றுதான். ஜெனோவாவுக்குப் பதினேழு வயது. அம்மாவைத் தவிர வேறொரு மனிதர் கையைத் தொட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அவள் ஏன் அங்கே போகத் துடித்தாள் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பலகை ஒளிர்ந்தது. மதிமானி அவளுக்குப் போட்டது மூன்று. கீழே ஊகங்கள்: மூன்று, மூன்று, இரண்டு, மூன்று, ஆறு.

"எம்மா! இந்தத் தடவையும் ஆறு வந்திருக்கு!"

பிரகாசி கையில் எண்ணெய்த் துணியோடு எட்டிப் பார்த்தாள். "மூணு வாங்குன கட்டுரைக்கு ஆறு போடுதாளா? கூறுகெட்டவளா இருப்பா."

"அவளுக்கு ஒவ்வொரு மாசமும் மூணு மார்க்கு போவும்மா. தெரிஞ்சே போடுதா."

"அவளா, அவனா?"

"அவதான். எனக்குத் தெரியும்."

"ஒனக்கு எல்லாந் தெரியும். மொதல்ல கஞ்சியக் குடிக்க வாட்டி."

படிக்க வருவது நான்கு பேர் கட்டுரை, திரும்பி வருவது ஐந்து எண்ணாக இருக்கிறதே என்று ஜெனோவா ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. யாருமே வராத வீட்டுக்கு விருந்தாளி வந்தால், வந்தவர்களை யார் தலை எண்ணுவார்கள்?

அந்த நால்வரில் மூவர் சமத்துப் பிள்ளைகள். முன்னுரை, மூன்று கருத்து, முடிவுரை என்று அளந்து எழுதுவார்கள். அவர்களுக்கு நான்கோ ஐந்தோ கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நான்காவது ஆள்தான் வேறு மாதிரி. 'தொழில்நுட்பமும் மனிதனும்' என்று தலைப்புக் கொடுத்தால், கொல்லிமலையில் தன் வீட்டுச் சாமைக் காட்டைக் காக்கும் செவிட்டு நாயைப் பற்றி எழுதுவாள். நாய்க்கு இடி கேட்காது, மின்னலைப் பார்த்துத்தான் குரைக்கும். அதனால் வீட்டில் எல்லோரையும்விட முந்திக் குரைக்கும். படிக்கும்போது ஜெனோவாவுக்குத் தூணின் உப்புக்காற்றில் பலாப்பழ வாசனை அடிக்கும். ஆனால் அந்தப் பெண்ணால் நேரத்துக்குள் முடிக்கவே முடியாது. இருபத்தைந்து நிமிடத்தில் பலகை பூட்டிக்கொள்ள, கடைசி வாக்கியம் பாதியில் நிற்கும். முடிவுரை இல்லாத கட்டுரைக்கு மதிமானி இரண்டுக்கு மேல் போடாது.

ஆறு போடுகிறவள் இவள்தான் என்று ஜெனோவா முடிவு கட்டிவிட்டாள். இப்படி எழுதுகிறவளுக்குத்தான் அந்த மனசு வரும். அவளுக்காகவே எழுதத் தொடங்கினாள். தூணின் கீழே வந்து தங்கும் திருக்கை மீனைப் பற்றி, பதினெட்டாம் தூணின் துணிக்கொடியைப் பற்றி, நான்கு வாக்கியம் எப்படியாவது நுழைத்துவிடுவாள். அதனால்தான் அவளுக்கும் மூன்றைத் தாண்டவில்லை. ஊகத்தில் மட்டும் அவள் தவறவே இல்லை. அந்த நாய்க்காரிக்கு ஒவ்வொரு மாதமும் இரண்டைத்தான் அழுத்தினாள். அழுத்தும்போது மனசு உறுத்தும். கல்லூரியை நினைத்துக்கொள்வாள்.

பதினோராம் மாதத் தலைப்பு 'நன்றி'. நாய்க்காரியின் கட்டுரை இப்படி நின்றிருந்தது: 'மாதாமாதம் எனக்கு ஆறு போடும் ஒருவர் இருக்கிறார். பெயர் தெரியாது. அவருக்கு நான் சொல்ல நினைப்பது'

அவ்வளவுதான். பலகை பூட்டிக்கொண்டுவிட்டது.

ஜெனோவாவுக்கு முகம் சூடாகிவிட்டது. இவளுக்கும் யாரோ ஆறு போட்டிருக்கிறார்கள். அது நான் இல்லை. பத்து மாதமாக ரசித்துப் படித்துவிட்டு, இரண்டு போட்டவள் நான். அவள் நன்றி போய்ச் சேரும் இடமே தெரியாமல் பாதியில் நிற்கிறது.

"என்னட்டி, கல்லு மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் அம்மா.

"ஒரு ஆறு போடலாமான்னு பாக்குதேன்."

பிரகாசி துணியைக் கீழே வைத்தாள். "போட்டா எவ்வளவு போவும்?"

"நாலு."

"ஒனக்கு எடம் கெடைக்குமா?"

"தெரியல. ஓரத்துலதான் நிக்கேன்."

"நா இந்தத் தூணோட துருப்புடிச்சிப் போவேன், அது என் தலையெழுத்து. நீயாவது நாலு மனுசர் மொகத்தப் பாக்கணும்னுதான ராப்பகலா முடுக்குதேன்?" துணியை மறுபடி எடுத்து முறுக்கினாள். பிறகு, எதற்கென்று தெரியாமல், தணிந்துவிட்டாள். "அந்தப் புள்ள அப்பிடியா எழுதுதா?"

ஜெனோவா நாய்க் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பிரகாசி கேட்டுக்கொண்டே இருந்தாள். மின்னல் இடத்தில் சிரித்துவிட்டாள். முடிந்ததும் ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

ஜெனோவா ஆறை அழுத்தினாள். மதிமானி இரண்டு போட்டது. நான்கு போயிற்று.

பன்னிரண்டாம் மாதம் நாய்க்காரியின் கட்டுரை வந்தபோது ஜெனோவா முதலில் கடைசி வரியைத்தான் பார்த்தாள். வாக்கியம் முழுதாக இருந்தது. முற்றுப்புள்ளி இருந்தது. யாரோ ஓடிவந்து மூச்சு வாங்கி வாசலைத் தொட்டது போல இருந்தது அந்தப் புள்ளி. ஐந்து என்று ஊகித்தாள். மதிமானியும் ஐந்து போட்டது.

கூடுகல்லூரிப் பட்டியலில் ஜெனோவா மூன்று மதிப்பெண்ணில் நழுவினாள்.

பிரகாசி திட்டவில்லை. "பேரு தெரியாதவளுக்கு ஒரு வருசத்தக் குடுத்திருக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவளுக்குத் தலைவாரிவிட்டாள். ஜெனோவா மறுவருடமும் எழுதினாள். புதிய நால்வர். நாயும் இல்லை, பலாவும் இல்லை. ஆனால் இந்த முறை மாதாமாதம் இரண்டு ஆறுகள் வந்தன. எனக்கு இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பதினெட்டாம் தூணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். வருட முடிவில் இடம் கிடைத்தது.

கல்லூரி தஞ்சைக்கு அப்பால், வயல் நடுவே இருந்தது. வாசலில் ஒல்லியாக ஒரு பெண் வெயிலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் மறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, ரெண்டாவது தடவை எழுதி வந்தவங்களா நீங்க?"

தோற்றுப் போனதைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்து, ஜெனோவா தலையைக் குனிந்தபடி உள்ளே நழுவிவிட்டாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் நூற்றிருபது பேர். அவ்வளவு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் ஒரு பையன் பெருமையாகச் சொன்னான்: "எனக்கு மாசாமாசம் ரெண்டு பேர் ஆறு போட்டாங்க, தெரியுமா?"

"எனக்குந்தான்," என்றாள் எதிரே இருந்தவள்.

"எனக்கும் ரெண்டு."

மேசை மேசையாக அந்தப் பேச்சு பரவி, பரவிய இடமெல்லாம் அடங்கிப்போனது. புதிதாக வந்த அறுபது பேருக்கும் இரண்டு. போன வருடம் வந்த அறுபது பேருக்கும் ஒன்று. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஆசிரியர் திருமேனி வாளியைக் கீழே வைத்தார்.

"முதல் நாளே கேட்டுடுவீங்க, வருஷா வருஷம் இப்படித்தான்," என்றார். "ஆளில்லாத இடத்துல பிள்ளைங்க எழுதறதையே விட ஆரம்பிச்சாங்கப்பா. யாரோ நம்மளப் படிக்கிறாங்கன்னு தோணினா எழுதுவாங்கன்னு, மதிமானியே ஒரு ஆறைச் சேர்த்துப் போடும். ஊக்க எண்ணுன்னு அதுக்குப் பேரு. நீங்க படிச்சது நாலு பேரை. உங்களுக்கு வந்தது அஞ்சு எண். யாராவது எண்ணினீங்களா?"

யாரும் எண்ணவில்லை.

"அப்ப ரெண்டு ஏன் சார்?"

"அதுக்கு முந்தின வருஷம் ஒரு பிள்ளைக்கு எப்படியோ ரெண்டு ஆறு போயிடுச்சு. ரெண்டு மார்க்கு வாங்கிட்டிருந்தது அடுத்த மாசமே அஞ்சு வாங்கிடுச்சு. மதிமானி கத்துக்குச்சு. இப்ப எல்லாருக்கும் ரெண்டு."

ஜெனோவா எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அந்த ஆறுக்குப் பின்னால் யாருமில்லை. அவள் திருக்கை மீனை எழுதியது, துணிக்கொடியை எழுதியது, எல்லாம் யாருமில்லாத ஓர் இடத்துக்கு. இல்லாத ஒருத்தியைப் பார்த்துத்தான் அவள் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். கொடுத்ததையும் பொறி எடுத்து எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டது.

வாசலில் நின்ற ஒல்லிப் பெண் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "நீங்க ஒருத்தர்தான் எனக்குப் பதில் சொல்லாம போனீங்க. எம் பேரு பூவாயி. அந்த ரெண்டு ஆறு வந்த புள்ளை நான்தான்."

ஜெனோவா நிமிர்ந்தாள்.

"ஒரு ஆறு பொறியோடதுன்னா இன்னொண்ணு ஆளோடது. எங்க செட்டுல மத்த எல்லாரும் 'நான்தான் போட்டேன்'னு சொல்லிட்டாங்க. பொய்யி. எனக்கு ஆறு போட்டவங்களுக்கு நாலு மார்க்கு போயிருக்கும். அவங்க அந்த வருசம் இங்க வந்திருக்கவே முடியாது. ஒரு வருசம் பிந்தித்தான் வரணும். அதான் வாசல்ல நின்னேன்."

ஜெனோவா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். "ஒங்க நாய் இப்பவும் மின்னலப் பாத்துத்தான் கொரைக்குதா?"

பூவாயி அவள் கையைப் பிடித்தாள். எண்ணெயும் உப்பும் படாத, சாமைத்தாள் கீறிய கை. இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அதைப் பார்த்து பக்கத்துப் பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

"கடக்கரைப் பேச்சு, அந்தத் திருக்கை மீன் கட்டுரை உங்களுதுதானுங்களே? உங்களுக்கு நான் என்ன போட்டேன் தெரியுங்களா?" என்றாள் பூவாயி. "மூணு. எப்பவும் மூணுதான்."

"சரியாத்தான் போட்டிருக்க. அந்தப் பாதி வாக்கியத்தையாவது முடி. 'அவருக்கு நான் சொல்ல நினைப்பது'. அப்புறம்?"

பூவாயி யோசித்தாள். "பெருசா ஒண்ணுமில்லீங்க. சாப்பிட்டீங்களான்னு கேக்கணும்னு இருந்தேன்."

பின்னால் வாளியோடு நின்ற திருமேனி பெருமூச்சு விட்டார். "மெதுவாப் பேசுங்கம்மா. மதிமானிக்குத் தெரிஞ்சா, அடுத்த வருஷம் எல்லாருக்கும் வாசல்ல ஒரு ஆளை நிறுத்திடும்."

அவர் சிரிக்கவில்லை. ஜெனோவாவும் சிரிக்கவில்லை. பதினெட்டாம் தூணில் யாராவது பிள்ளை இருந்தால், இந்நேரம் அதற்கும் இரண்டு ஆறுகள் வந்திருக்கும்; இரண்டு பேர் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கும். அவள் ஆறிப்போன சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள்.

சாப்பிட்டீர்களா, என் கண்ணுகளா? உங்கள் வீட்டில் எழுதினால் படிக்க ஒருவர், பேசினால் கேட்க ஒருவர், வெளியே போனால் வாசலில் நின்று காத்திருக்க ஒருவர் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். அந்த ஒருவருக்கு ரத்தமும் சதையும் இருக்கட்டும். நல்லா இருங்கள்.