அப்பாவின் கைராசி

மூடிய அறைக்குள் சின்னவளின் அழுகை சட்டென்று நின்றது. கைக்குழந்தையின் அழுகை அப்படி நிற்காது. விசும்பி, கேவி, விக்கல் எடுத்து, மெல்ல மெல்லத்தான் அடங்கும். பெற்றவளுக்குத் தெரியாதா?

எழுந்து ஓட முடியவில்லை. கூடத்துப் பாயில் மூத்தவனுக்கு வலிப்பு. ஐந்து வயதாகியும் கழுத்து நிற்காத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை. ஒருக்களித்துப் பிடிக்காவிட்டால் நுரை தொண்டையை அடைத்துவிடும். மருந்து வாடையும் எச்சில் வாடையும் முகத்தில் அடிக்க, அவன் பல் நறநறக்கும் சத்தத்துக்கு நடுவே, அறைக் கதவின் அடியில் இப்படியும் அப்படியும் நகரும் கணவனின் கால் நிழலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கைராசி அப்படி, அண்ணி! தூக்கினா போதும், எந்தப் பிள்ளையும் கப்சிப்" என்று நாத்தனார் மெச்சுவாள். மூத்தவனையும் அந்தக் கைதான் அடக்கியது, அவன் பச்சைக் குழந்தையாக இருந்தபோது. தோளைப் பிடித்துக் கணவன் உலுக்கிய உலுக்கலில் பிஞ்சுத் தலை முன்னும் பின்னும் ஆடியதை அவள் கண்ணால் பார்த்தாள். நாத்தனாரிடம் சொல்லவும் சொன்னாள்.

"அண்ணனா? போங்க அண்ணி, கட்டில்லேருந்து விழுந்திருப்பான்."

அத்தோடு பேச்சு முடிந்தது. முதல் வலிப்பு வந்ததும் அன்றுதான், வாய் மட்டும் வெறுமனே சப்பிக்கொண்டிருந்தது. பிள்ளையின் வளர்ச்சியும் அன்றோடு நின்றது. கண் இருக்கிறது, பார்வை இல்லை.

சின்னவள் பிறந்ததிலிருந்து அவளைக் கணவனிடம் தனியே விட்டதே இல்லை. குளிக்கப் போனாலும் கூடவே தூக்கிப் போவாள். இன்று வலிப்பு வந்ததும் இரண்டு கையும் மூத்தவனுக்கே வேண்டியிருந்தது.

"நீ அவனைப் பாரு. பாப்பாவை நான் தூங்க வைக்கிறேன்" என்று வாரிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தங்கமான மனுஷன். தெருவே சொல்லும்.

நிழல் அசையாமல் நின்றது.

"ஏங்க?"

குரலை உயர்த்தினாள்.

"ஏங்க, பாப்பாவைக் கொண்டாங்க! எங்கிட்டயே குடுத்துடுங்க!"

வலிப்பு விடவில்லை. விட்டால் மூத்தவன். விடாவிட்டால் சின்னவள். கடவுளே, எந்தப் பிள்ளையை?

தாழ்ப்பாள் விலகியது. கணவன். நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டில் விரல்.

"ஷ்ஷ்... தூங்கிட்டா."

அவன் முழங்கைக்கு வெளியே சின்னவளின் தலை தொங்கியது. கண்கள் இரண்டும் திறந்திருந்தன. வாய் மட்டும், பால் குடிப்பதுபோல, சத்தமில்லாமல் சப்பிக்கொண்டே இருந்தது.