கையைத் தூக்கிய பின் பேசவும்

இந்தக் கோடை விடுமுறையில் அனுஜாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஒரு பக்கத்தை, ஒரே ஒரு பக்கத்தை, யாரும் குறுக்கே பேசாமல் படித்து முடிக்க வேண்டும்.

இதைப் பேராசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மீன்பிடித் துறைமுகத்தின் வலைக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்வது எளிதன்று.

அனுஜா ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். அம்மா காலையிலேயே இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவார். மகள் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அப்பா மரியான் அவளைத் தம்முடன் வலைக்கூடத்துக்கு அழைத்து வந்துவிடுவார்.

அப்பா ஒரு விசைப்படகின் டிரைவர். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம். அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆகவே அப்பாவும் அவருடைய படகில் போகும் மூன்று பேரும் கூடத்தில் அமர்ந்து, கிழிந்த வலைகளைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். கைக்கு வேலை இருந்தது. வாய்க்கு வேலை இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அனுஜாவின் கையில் இருந்தது மாதா கோயில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் விக்டோரியா அக்கா கொடுத்த நாவல். 'தாரிணியின் இருபத்தெட்டு நாள்கள்' என்பது அதன் பெயர். சென்னையில் கல்லூரியில் படிக்கும் தாரிணி, விடுமுறைக்காகக் கடற்கரையில் உள்ள அத்தை வீட்டுக்கு வருகிறாள். அங்கே ஆகாஷ் என்பவனைச் சந்திக்கிறாள். முதலில் ஒரு குடைக்காக இருவரும் சண்டை போடுகிறார்கள். பிறகு நண்பர்களாகிறார்கள். பிறகு ஆகாஷ் வராத நாளில் தாரிணிக்குச் சோறு இறங்குவதில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டு வந்துரணும். உனக்குப் பின்னால மூணு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லித்தான் அக்கா அதைக் கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில், குடைச் சண்டையைப் படித்தபோது அனுஜா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். மாட்டிக்கொண்டாள்.

"தன்னால சிரிக்கா பாருங்க, இந்தப் பிள்ள" என்றார் செந்தூர்வேல் மாமா. அப்பாவின் படகில் அவர்தான் பெரிய வாயாடி. "ஏளா, அப்படி என்னத்தப் படிச்சிக்கிட்டு இருக்க? எங்களுக்கும் கேக்குற மாதிரி படி."

அனுஜா பண்பாக வளர்க்கப்பட்ட பெண். மறுக்கத் தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். ஒன்பதாம் பக்கத்துக்கு வருவதற்குள் தன் பண்பை நினைத்து வருந்தினாள்.

"'செந்நிறச் சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கியது. தாரிணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.'"

"எங்கன இறங்குச்சு?" என்று கேட்டார் ஏசுவடியான் பெரியப்பா. நால்வரில் மூத்தவர் அவர்.

"கடலுக்குள்ள, பெரியப்பா."

"சூரியன் காலைல கடல்ல இருந்து வரும். சாயங்காலம் ஊருக்குப் பின்னால போயிரும். அறுவது வருசமாப் பாக்கேன். ஒரு நாளும் கடல்ல விழல."

"எழுதுனவரு தலைகீழா நின்னு பாத்திருப்பாரு" என்றார் செந்தூர்வேல் மாமா.

அதற்கு அரை மணி நேரம் சிரித்தார்கள். சிரித்து முடித்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்கள். அனுஜா புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதினான்காம் பக்கத்தில் கடலில் மெல்லிய காற்று வீசியது.

"மெல்லிய காத்தா?" என்றார் பெரியப்பா. "கோடைல கச்சான் காத்து மண்ணள்ளி மூஞ்சில அடிக்கும். இவரு எந்தக் கடலப் பாத்து எழுதுதாரு?"

இருபத்திரண்டாம் பக்கத்தில் ஆகாஷ் கரையில் ஏற்றிய தன் அப்பாவின் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "பொறுப்பான பய" என்றார் அப்பா. பிறகு எந்தக் கம்பெனி பெயிண்ட் உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஆகாஷ் தாரிணியின் கண்களைப் பார்த்தான்.

அப்பா இருமினார். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செந்தூர்வேல் மாமா நல்ல வலையில் கிழிசலைத் தேடினார். இனி இவர்கள் கேட்க மாட்டார்கள், நிம்மதி என்று அனுஜா மனத்துக்குள் படிக்கத் தொடங்கினாள்.

"பாத்துட்டு என்ன செஞ்சான்?" என்று கேட்டான் நால்வரில் இளையவனான ரெக்சன் அண்ணன்.

ரெக்சனுக்கு ஆலந்தலையில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகஸ்டில். அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அவனுக்கு விருப்பம். 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை அனுஜா ஒரு சட்டம் போட்டாள். "பேசணும்னா முதல்ல கையத் தூக்கணும். நான் சரின்னு சொன்ன பிறகுதான் பேசணும். எங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான்."

"ரெண்டு கையிலயும் வேல இருக்கே, பிள்ள" என்றார் செந்தூர்வேல் மாமா. ஒரு கையில் வலை, மறு கையில் ஊசி.

"அது உங்க பாடு, மாமா."

ஐந்து நிமிடம் அமைதியாகப் போயிற்று. அனுஜா நிமிர்ந்து பார்த்தாள். நான்கு பேரும் ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்படித்தான் வாரம் நகர்ந்தது. வியாழன் மதியம் தாரிணியின் விடுமுறை முடியப்போகும் கட்டம் நெருங்கியது. ஆகாஷ் ஒட்டிய கடித உறை ஒன்றை அவளிடம் கொடுத்து, "ஊருக்குப் போகும் வழியில் பிரித்துப் பார்" என்று சொல்லியிருந்தான். அதில் என்ன எழுதியிருக்கும் என்பதையே எண்ணிக்கொண்டு அனுஜா சாப்பிட்டாள். மற்றவர்கள் குழம்பு மீனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஐஸ்ல கெடந்து சவசவன்னு இருக்கு" என்றார் செந்தூர்வேல் மாமா. "மேற்குக் கடற்கரை மீனு. லாரில வருது. அவியளுக்குத் தடை ஜூன் ஒண்ணாந்தேதிதான் தொடங்கும். இப்ப அவிய பிடிக்காவ, நாம கரைல இருந்து திங்கோம். பெறகு நாம பிடிப்போம், அவிய தின்பாவ."

வெள்ளிக்கிழமை நூற்று நாற்பத்தோராம் பக்கம் வந்தது.

"'மே மாதம் பத்தாம் நாள். விடிவதற்கு முன்பே ஆகாஷ் விசைப்படகைக் கடலுக்குள் செலுத்தினான். தாரிணியின் அத்தை வீட்டு விருந்துக்கு, இருப்பதிலேயே பெரிய மீனைப் பிடித்து வருவதாக அவன் சொல்லியிருந்தான்.'"

அனுஜா அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படித்தாள். ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. அவளால் நம்ப முடியவில்லை. மகிழ்ச்சியுடன் தலையை நிமிர்த்தினாள்.

நான்கு ஊசிகளும் நின்றிருந்தன.

"மே பத்தா?" என்று கேட்டார் பெரியப்பா. "வள்ளமா, விசைப்படகா? வள்ளத்துக்குத் தடை கிடையாது, குத்தமில்ல."

"விசைப்படகுனுதான் போட்டிருக்கு, பெரியப்பா."

"தடைக்காலத்துல போறான்" என்றார் செந்தூர்வேல் மாமா. அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை. "நாம எல்லாரும் குஞ்சு மீனு வளரட்டும்னு ரெண்டு மாசம் கரைல கெடக்கோம். இவன் விருந்துக்கு மீன் பிடிக்கப் போறான்."

"மாமா, இது கதைதான" என்றாள் அனுஜா.

"கதைனா என்ன? தப்பு தப்புதான்."

அப்பா வலையைக் கீழே வைத்தார். "பெயிண்ட் அடிச்சப்ப நல்ல பயன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "ஊரு முழுக்கக் கட்டுப்பட்டு நிக்கும்போது திருட்டுத்தனமாப் போறவன பெரிய ஆளாக் காட்டுத கதை நமக்கு வேண்டாம். புத்தகத்த மூடிரு. சாயங்காலம் விக்டோரியாட்ட குடுத்துரு."

"அப்பா, இன்னும் அம்பத்திரண்டு பக்கந்தான்."

"ஒரு பக்கமும் வேண்டாம், அனுஜா."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் வாதாடலாம். அவர் மெதுவாகச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அனுஜா எழுந்து, கூடத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கண்கள் எரிந்தன. ஒரு வாரம் முழுக்கக் காற்றையும் பெயிண்டையும் சகித்துக்கொண்டு படித்து, கடைசியில் அந்தக் கடிதத்தைப் பிரிக்கக்கூட முடியாமல் போனால் எப்படி?

ரெக்சன் நூல் எடுக்கும் சாக்கில் அந்தப் பக்கம் வந்தான். "ஏளா, கடிதத்துல மட்டும் என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லேன்" என்றான் அடங்கிய குரலில்.

"ஒரு பக்கமும் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டாங்க."

"அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள் அனுஜா எரிச்சலுடன்.

ரெக்சன் போய்விட்டான். அனுஜா யோசித்தாள். அப்பா வேண்டாம் என்றது இன்னும் படிக்காத பக்கங்களை. ஏற்கெனவே படித்த பக்கங்களைத் திருப்பிப் பார்ப்பதில் தவறு இருக்க முடியாது. மே மாதம் என்பது அச்சுப் பிழையாக இருந்தால்? அவள் நிறுத்திய இடத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். தேதி வந்த இடமெல்லாம் ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமுமாகவே இருந்தன. ஊரின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. 'ஓர் அழகிய கடலோர ஊர்', அவ்வளவுதான்.

ஒன்பதாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. இரண்டு முறை படித்தாள். பிறகு நேற்றைய மீன் குழம்பு நினைவுக்கு வந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியப்பாவிடம் போனாள்.

"பெரியப்பா, சூரியன் கடலுக்குள்ள இறங்குற ஊரே கிடையாதா?"

"நம்ம பக்கம் கிடையாது."

"வேற பக்கம்?"

"மேற்குக் கரைல இறங்கும். அங்கன கடலு மேற்க இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

அனுஜா செந்தூர்வேல் மாமாவின் பக்கம் திரும்பினாள். "மாமா, மேற்குக் கரையில தடை எப்பத் தொடங்கும்?"

"ஜூன் ஒண்ணு. நேத்தே சொன்னேனே..." என்று தொடங்கிய மாமா வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

அனுஜா ஒன்பதாம் பக்கத்தை உரக்கப் படித்தாள். "'செந்நிறச் சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்கியது.' அன்னைக்கு இதுக்குத்தான் அரை மணி நேரம் சிரிச்சீங்க. எழுதுனவங்க தப்பா எழுதல. ஆகாஷ் நம்ம ஊர்ப் பையனே இல்ல. மே பத்தாம் தேதி அவன் தாராளமாக் கடலுக்குப் போகலாம்."

பெரியப்பா புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் தாமே ஒரு முறை படித்தார்.

"அப்ப அந்த மெல்லிய காத்தும் சரிதான்" என்றார் பெரியப்பா. "அந்தப் பக்கக் காத்து எனக்குத் தெரியாதுல்லா."

"அநியாயமா ஒரு நல்ல பயலைத் திட்டிட்டோமே" என்றார் செந்தூர்வேல் மாமா. உண்மையாகவே வருந்தினார்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். கிழிசலைத் தேடிப் பிடித்தார். ஊசியைச் செலுத்தினார்.

"படி" என்றார்.

"சும்மா படிக்க மாட்டேன்" என்றாள் அனுஜா. "இனிமே கடைசிப் பக்கம் வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது. கையும் தூக்கக் கூடாது. காலும் தூக்கக் கூடாது."

ஆகாஷுக்குச் செய்த அநியாயத்துக்கு அது நியாயமான தண்டனைதான் என்று நால்வரும் ஒப்புக்கொண்டார்கள்.

என்ன ஆச்சரியம் என்றால், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமை காலையும் வலைக்கூடத்தில் அனுஜாவின் குரல் மட்டுமே கேட்டது. ஆகாஷ் பெரிய மீனுடன் திரும்பி வந்தான். விருந்து நடந்தது. இருபத்தெட்டாம் நாள் தாரிணி ரயிலேறினாள். ரெக்சன் வலையை விட்டுவிட்டு, பென்சிலும் சீட்டுமாக அருகில் வந்து உட்கார்ந்தான்.

இன்னும் மூன்றே பக்கங்கள். தாரிணி கடிதத்தைப் பிரித்தாள்.

"'அன்புள்ள தாரிணி, நீ போன பிறகு இந்தக் கடற்கரையில் யாருடன் குடைக்காகச் சண்டை போடுவேன்? அடுத்த கோடை வரை என்னால் காத்திருக்க முடியாது. ஜூன் இருபதாம் தேதி என் பிறந்த நாள். அன்று நீ வர வேண்டும். அதிகாலையில் எங்கள் விசைப்படகில் உன்னையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு, கரை கண்ணுக்கே தெரியாத தூரத்துக்கு...'"

அனுஜாவின் குரல் நின்றது.

ஜூன் இருபது. மேற்குக் கரை.

அவள் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். பெரியப்பா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். செந்தூர்வேல் மாமாவின் கன்னங்கள் பேத்தை மீனைப் போல உப்பியிருந்தன. ரெக்சனின் பென்சில் காற்றில் நின்றது. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாக்குக் கொடுத்தவர்கள் ஆயிற்றே, ஒருவரும் மூச்சுவிடவில்லை.

படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் அனுஜா நினைத்தாள். அடுத்த வரியில் கண்ணை வைத்தாள். முடியவில்லை.

"அதெப்படி?" என்று வெடித்தாள். "ஜூன் இருபது அங்க தடைக்காலமாச்சே."

"ஏளா, நடுவுல பேசாத" என்றார் அப்பா, கூரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "படி."

"இல்லப்பா, ஜூன் ஒண்ணுல இருந்தே..."

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்" என்றார் செந்தூர்வேல் மாமா. "பேசணும்னா முறைப்படி கேக்கணும்."

அனுஜாவின் இரண்டு கைகளும் புத்தகத்தைப் பிடித்திருந்தன. அவள் நால்வரையும் ஒரு முறை முறைத்துப் பார்த்தாள். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

பிறகு, வேறு வழியில்லாமல், இடது காலைத் தூக்கினாள்.