கோட்டுப்பால்

காலையில் கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்த்தபோது அகதாவின் கன்னத்துத் தழும்பு ஒரு விரல் அளவு குறைந்திருந்தது.

ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் முகத்தில் தெறித்து ஏழு மாதமாகிறது. ஈப்போ ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அவள் கைத்தோலைக் கன்னத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று வாரம் கை முகத்தோடு கட்டிக் கிடந்தது. தையலை மூக்கோர மடிப்பிலும் தாடைக்கு அடியிலும் ஒளித்திருந்தார். ஒரு வருடத்தில் கோடு மங்கிவிடுமாம். ஆனால் நான்கு வயது நவமணி அந்தக் கோட்டைப் பார்த்து அலறிக்கொண்டு பக்கத்து வீட்டு எல்ஸியிடம் ஓடியவள்தான். இன்னும் அங்கேதான் தூங்குகிறாள்.

ரப்பர் மரம் சீவுகிறவளுக்குத் தெரிந்த வழியைத்தான் அகதா செய்தாள். வெட்டிய கோட்டில் பால் காய்ந்து ஒட்டும். மறுநாள் அந்தக் கோட்டுப்பாலை நாடாவாக இழுத்து உரித்தால் அடியில் பட்டை சுத்தமாக இருக்கும். தழும்பை மறைக்கத்தான் அந்த ரப்பர் பாலை, கித்தாப்பாலைத் தடவினாள். உரித்தபோது தழும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வந்தது.

தடவத் தொடங்கிய நான்காம் நாள் கோடே இல்லை. நவமணி வாசல்வரை வந்து நின்றாள்.

ஐந்தாம் நாள் மூக்கருகே இருந்த மச்சமும் இல்லை.

"என்னாடி மூஞ்சி இது, உரிச்ச முட்டையாட்டம்?" எல்ஸி குரலைத் தாழ்த்தினாள். "பொறந்த மச்சம் எங்கடி? போதும்லா, நிறுத்து."

"புள்ள வாசப்படி வரைக்கும் வந்துச்சுக்கா."

"அதுக்காக?"

அகதாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. அன்றோடு நிறுத்தினாள். மிச்சப் பாலைச் சாக்கடையில் கொட்டி, முகத்தை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஞாயிறு மத்தியானம் தோட்ட லயத்துத் தகரக் கூரையில் மழை இடைவிடாமல் இரைந்தது. ஈர விறகின் புகையோடு புளித்த பால் வாடையும் அறைக்குள் சுற்றியது. வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்தாள். பிறகு கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தாள். வெள்ளை. தாடைக்கு அடியில், டாக்டர் தையலை ஒளித்த இடத்திலிருந்து சொட்டியது. துடைத்தாள். அது மேல்நோக்கி ஏறி முகமெங்கும் காய்ந்து ஒட்டியது.

"அம்மா."

நவமணி. படி தாண்டி உள்ளே வந்துவிட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு மடியில் ஏறி உட்கார்ந்தாள். அந்தச் சின்ன உடம்பின் சூட்டில் அகதா அசையாமல் இருந்தாள். விலக்கியிருக்க வேண்டும். முடியவில்லை.

"மூஞ்சில கோட்டுப்பாலும்மா. நான் இழுக்கவா?"

நகம் ஓரத்தைப் பிடித்தது. இழுத்தது. வலியே இல்லை. நீளமாக வந்தது. இன்னும் வந்தது.

மழை கேட்டது. வெளிச்சம் போயிருந்தது.

"முழுசா வந்துருச்சும்மா!" குழந்தை சிரித்தது.

பிறகு சிரிப்பு நின்றது. சின்ன விரல்கள் அவள் முகத்தில் எதையோ தேடின. கண் இருந்த இடத்தில். வாய் இருந்த இடத்தில். எங்கும் வழவழவென்று ஒரே தோல்.

"அம்மா, பேசும்மா."

அகதா பேசப் பார்த்தாள்.