தூங்குமூஞ்சி மரத்தில் அப்பா

"இன்னிக்காவது உங்கப்பா வருவாரா?"

பள்ளிக்கூட வாசலிலேயே நிலவன் கேட்டுவிட்டான். தீபிகாவுக்குச் சங்கடமாக இருந்தது.

நிலவனின் அம்மா முத்தாயம்மாள் ஜலகண்டாபுரத்தில் தறிப்பட்டறை நடத்துகிறார். பட்டறையை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். போன வாரம் அடித்த காற்றில் அதன் கிளை ஒன்று முறிந்தது. ஆனால் கீழே விழவில்லை. கூரைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது விழுமோ என்று பயந்து யாரும் உள்ளே போவதில்லை. தறிகள் நின்றுபோயின.

தீபிகாவின் அப்பா தீர்த்தகிரிக்கு மரம் வெட்டுவதுதான் வேலை. எவ்வளவு உயரமான மரமானாலும் ஏறிவிடுவார். ஆனால் இந்த மரத்துக்கு, "நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மரம் அறுக்கும் மிஷின் ரிப்பேர் என்றார். அடுத்த நாள் முட்டி வலி என்றார்.

அன்று மாலை தீபிகா வீட்டுக்கு வந்தபோது, பின்பக்க வேப்பமரத்தில் ஏணி சாய்ந்திருந்தது. அப்பா பாதி ஏணியில் நின்றிருந்தார். அவர் கைகள் நடுங்கின. மேலே போகாமல் மெதுவாக இறங்கிவிட்டார். திரும்பினால், எதிரே தீபிகா!

"ஒண்ணுமில்ல சாமி. ஏணி ஆடுதான்னு பாத்தேன்."

"ஏணி ஆடலீங்கப்பா. நீங்கதான் ஆடுனீங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் முகம் வாடிவிட்டது. அப்படியே ஏணியின் அடியில் உட்கார்ந்தார். தீபிகாவும் புத்தகப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் ஓமலூர்ல ஒரு மரம். மழை பேஞ்சு ஈரமா இருந்துச்சு. அவசரப்பட்டு ஏறிட்டேன். கால் வழுக்கிருச்சு. இடுப்புக் கயிறுதான் தாங்குச்சு. தொங்கிக்கிட்டே முருகானந்தத்தைக் கூப்பிட்டேன். மிஷின் சத்தத்துல அவனுக்குக் கேக்கல."

முருகானந்தம் அப்பாவின் கூட்டாளி. வெட்டும் கிளையைக் கட்டிய கயிற்றைக் கீழே நின்று பிடிப்பவர்.

"இப்பவெல்லாம் மேல போனா, கீழ என்ன நடக்குதுன்னே தெரியலையேன்னு கை நடுங்குது."

"முருகானந்தம் மாமாகிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? சிரிப்பான்."

"நான் ஏணியில ஏறப் பயந்தா நீங்க சிரிப்பீங்களாப்பா?"

"ச்சே! எதுக்குச் சிரிக்கறேன்?"

"அப்புறம் மாமா மட்டும் எதுக்குங்கப்பா சிரிக்கப் போறாரு?"

அப்பா எழுந்து செருப்பை மாட்டினார். தீபிகாவையும் கூட்டிக்கொண்டு முருகானந்தம் வீட்டுக்குப் போனார்.

முருகானந்தம் சிரிக்கவில்லை. அப்பா சொன்னதைக் கேட்டதும் அவர் தலை குனிந்துவிட்டது.

"அன்னிக்கு நான் கெளையையே பாத்துட்டு இருந்துட்டேன் மச்சான். நீ தொங்குனது தெரியவே இல்ல. அதை நெனச்சா எனக்குச் சோறே எறங்கறதில்ல. உங்கிட்டச் சொல்லவும் வெக்கமா இருந்துச்சு."



"நீங்க மரத்தப் பாக்கறீங்க. மாமா கெளையைப் பாக்கறாரு. உங்க ரெண்டு பேரையும் யாரு பாக்கறது?" என்றாள் தீபிகா. "பட்டறைக்கு எதிர்ல நிலவன் ஊட்டு மொட்டை மாடி இருக்குதுல்ல? நான் அங்க நிக்கறேன். எல்லாம் சரியா இருந்தா பச்சைத் துண்டு. நிறுத்தணும்னா செவப்புத் துண்டு."

"அங்கிருந்து கீழ எறங்கக் கூடாது," என்றார் அப்பா.

"எறங்க மாட்டேன்."

"அப்ப ஒவ்வொரு தடவை அறுக்கறதுக்கு முன்னாடியும் உன்னைப் பாப்பேன்."

சனிக்கிழமை காலை நல்ல வெயில். மின்வாரிய ஊழியர் வந்து பக்கத்துக் கம்பியில் கரண்ட்டை நிறுத்தினார். அப்பா மரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். ஹெல்மெட் போட்டு, இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறினார்.

பாதியில் நின்றுவிட்டார்.

தீபிகா பச்சைத் துண்டை உயர்த்திப் பிடித்தாள். முருகானந்தம் அண்ணாந்து பார்த்தபடி, "இங்கதான் இருக்கறேன் மச்சான்!" என்றார்.

அப்பா நகரவில்லை. முத்தாயம்மாள் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"மெதுவாப் போங்க தம்பி! எங்க தறி எங்கயும் ஓடிப் போயிடாது!"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மரத்தின் மேலும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பாவின் கால் அடுத்த கிளையில் ஏறியது.

தொங்கும் கிளையைக் கயிற்றால் கட்டி, அந்தக் கயிற்றை மேலே இரண்டு கிளை பிரியும் கவட்டையில் போட்டுக் கீழே விட்டார். முருகானந்தம் அதை இழுத்துப் பிடித்தார். மிஷின் உறுமியது. அப்பா கொஞ்சம் அறுப்பார்; திரும்பிப் பார்ப்பார். பச்சை. மறுபடி அறுப்பார்.

அப்போதுதான் நிலவனின் நாய்க்குட்டி, சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அடியில் நுழைந்து மரத்தை நோக்கி ஓடியது. அதைப் பிடிக்க நிலவனும் ஓடினான்! முருகானந்தத்தின் கண் கிளையில் இருந்தது. கத்தினாலும் மிஷின் சத்தத்தில் கேட்காது. கீழே ஓடலாமா? இறங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே!

தீபிகா சிவப்புத் துண்டைத் தலைக்கு மேலே வேகமாக ஆட்டினாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். மிஷின் நின்றது.

அந்த அமைதியில் நிலவன் நாய்க்குட்டியோடு திருதிருவென்று விழித்தான். முருகானந்தம், "வெளிய போ சாமி! போ!" என்று கத்தினார். அவன் ஓடி வெளியே வந்து, நாய்க்குட்டியை இடுக்கிக்கொண்டு ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டான்.

தீபிகா மரத்தடியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் பச்சையைத் தூக்கினாள்.

கிளை அறுந்தது. கூரையில் விழவில்லை. முருகானந்தம் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, மெல்ல இறங்கித் தரையில் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் தீபிகா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது பட்டறையிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. முத்தாயம்மாள் சட்னியும் துருவிய காய்கறியும் வைத்த தட்டுவடை செட்டை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. மேட்டூரில் ஒரு மரம் வெட்ட வேண்டுமாம்.

"வாரேனுங்க. ஆனா மரம் ஈரமா இருந்தா ஏற மாட்டேன். கூடப் பாத்துக்கறதுக்கு இன்னொரு பெரிய ஆளும் வரணும்," என்றார் அப்பா. "ஆமாங்க, கொஞ்சம் பயந்தானுங்க. அதனாலதான் மெதுவா, பாத்து வெட்டுவேன்."

அந்தப் பக்கம், "அப்படியே செய்யுங்க" என்று சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. முருகானந்தம் மாமாவும் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள், தட்டில் மிச்சமிருந்த கடைசித் தட்டுவடையைத் தீபிகா எடுத்துக் கடித்துவிட்டாள்.