எதிர்ச்சுவரில் மிதிப்பவர்

கால்வாய்ப் பாலத்தைப் பழுதுபார்க்கும் முன் அதன் கற்களை அளந்து வரைய வேண்டியிருந்தது. நானும் தங்கை கணவனும் சிறு படகில் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வளைவுக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்தது. ஈரச் சுண்ணாம்பும் பழைய கரியும் கலந்த வாடை.

உள்ளே படகை இழுத்து நடக்கக் கரைப்பாதை கிடையாது. நிலக்கரிப் படகுகளை அந்தக் காலத்தில் கால்களால்தான் கடத்தினார்கள். குறுக்குப் பலகையில் இருவர் மல்லாந்து படுத்து, ஆளுக்கொரு பக்கச் சுவரை மிதித்து நடப்பார்கள். பாதியில் ஒருவர் காலை எடுத்தால், எதிராளியின் மிதி அவரைச் சுவரோடு நசுக்கிவிடும்.

இரண்டு சுவரிலும் பாதக் குழிகள் தேய்ந்திருந்தன.

"என் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு மச்சான்" என்று படகில் கிடந்த பலகையைக் குறுக்கே போட்டுப் படுத்தான்.

அடுத்த மாதம் அப்பனாகப் போகிறவன் செய்கிற வேலையா என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தான்.

ஒரு பக்க மிதிக்குப் படகு எதிர்ச்சுவரில் போய் மோதியிருக்க வேண்டும்.

நேராகப் போனது.

பலகையின் மறுபக்கம் யாருமில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஈரக் குதிகால்கள் பதிந்து பதிந்து எழும் சத்தம், அவனுடைய மிதிக்கு ஒத்து.

காலை எடு என்றேன்.

"நான் நிறுத்தினா அவர் நிறுத்த மாட்டார், மச்சான்."

வரைபடத்தில் பாலத்தின் நீளம் நாற்பத்திரண்டு அடி. வெகுநேரம் போனோம். முன்னால் தெரிந்த வெளிச்சம் சுண்டுவிரல் அளவுகூடப் பெரிதாகவில்லை. அவன் குதிகாலிலிருந்து ரத்தம் வழிந்தது. மிதி தளரத் தொடங்கியது.

தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது.

அவனை ஒட்டிப் படுத்தேன். அவன் பாதங்களுக்குச் சற்று மேலே சுவரில் என் பாதங்களை அழுத்தினேன். "மெதுவா நழுவிக்கோ மாப்பிள்ளை." நழுவினான். நான் மிதித்தேன்.

எதிர்ச்சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு என் நடைக்கு ஒத்து வந்தது.

அதன்பின் வெளிச்சம் வளர்ந்தது. சுவர் முடிந்து என் கால்கள் வெற்றுவெளியில் விழுந்தன.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். ஒரு ராத்திரியாவது வந்து தங்கிவிட்டுப் போகும்படி தங்கை கெஞ்சுகிறாள். வேலை இருக்கிறது என்கிறேன்.

தினமும் விழிக்கும்போது கட்டிலில் குறுக்கே கிடக்கிறேன். பாதங்கள் சுவரை மிதித்துக்கொண்டிருக்கின்றன. சக்கரம் வைத்த கட்டில். அந்த மிதிக்கு அறையின் நடுவுக்கு ஓடியிருக்க வேண்டும்.

ஒரு விரற்கடைகூட விலகுவதில்லை.